ஏழு கிலோ புத்தகப்பை

ஊருக்குப் போகும்போது பெட்டிகளின் எடையைப் பார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்த கொக்கித் தராசில், சென்ற ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவொன்றில் என் மகளின் புத்தகப்பையை மாட்டித் தூக்கிப் பார்த்தேன். 7 கிலோ 200 கிராம் காட்டியது. அவள் எடை அப்போது 32 கிலோ. ஏப்ரலில்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். இடையில் கோடை விடுமுறை போக, அவள் புதிய பள்ளிக்குச் சென்ற நாட்கள் இரண்டு மாதத்துக்கும் குறைவு. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு இடங்களில் பையை இறக்கிவைத்து நின்று நின்று வருகிறாள் என்று வாயில் காவலாளி சொன்ன பிறகுதான் எனக்குத் தராசின் நினைவே வந்தது. பெற்றவளுக்குத் தெரியாதது காவலாளிக்குத் தெரிந்திருந்தது என்பது முதலில் உறுத்தியது. அந்த உறுத்தலை எல்லாம் பள்ளியின் மேல் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

கோபத்துக்குக் கையில் சான்றும் இருந்தது. 2020இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையின்படி, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ வரைதான். என் மகள் சுமந்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, எண்ணின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, அடுத்த சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு எடுத்துச் சென்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெற்றோர் இருவரிடமும் அதைக் காட்டினேன். அவர்கள் தலையாட்டினார்களே தவிர, என் கோபம் அவர்களிடம் தொற்றவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வகுப்பாசிரியை தாளை முழுவதும் படித்துவிட்டு, கோபப்படாமல் ஒன்று சொன்னார். வகுப்பில் 41 பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் எல்லாப் புத்தகத்தையும் எல்லா நாளும் கொண்டுவருவது உங்கள் மகள் ஒருத்திதான். டைம்டேபிளைப் பார்த்துக் கொண்டுவா என்று நானே இரண்டு முறை சொல்லிவிட்டேன், தலையாட்டுகிறாள், மறுநாளும் அதே பையோடு வருகிறாள். வீட்டில் யாராவது அப்படி எடுத்துப் போகச் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன் என்றார். நான் கொண்டுபோயிருந்த தாள் அவருடைய மேசைமேல் கிடந்தது. அதைத் திரும்ப எடுத்து மடித்துக்கொள்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அன்று மாலை கூடத்தில் பாயை விரித்து, பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தோம். ஆறு பாடப் புத்தகங்கள், அவற்றுக்கான நோட்டுகள், சமஸ்கிருத இலக்கணம், இந்தி இலக்கணம், கணினிப் புத்தகம், பொது அறிவுப் புத்தகம், அட்லஸ், ஓவிய நோட்டு, ஜியோமெட்ரி பெட்டி, எப்போதோ திருப்பித் தந்திருக்க வேண்டிய நூலகப் புத்தகம். எதற்காக எல்லாவற்றையும் சுமக்கிறாய் என்று கேட்டேன். வெகுநேரம் அட்லஸின் அட்டையையே நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு, "யார் வருவாங்கன்னு சொல்ல முடியாதும்மா" என்றாள்.

விஷயம் இதுதான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சமூக அறிவியல் ஆசிரியை விடுப்பில் இருந்தார். அந்த நேரத்துக்குக் கணக்கு ஆசிரியையை அனுப்பினார்கள். பள்ளியில் இதற்கு அரேஞ்ச்மென்ட் பீரியட் என்று பெயர். வந்தவர் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அன்றைய டைம்டேபிளில் கணக்கு இல்லாததால் பாதிப் பேரிடம் புத்தகம் இல்லை. இல்லாதவர்கள் பீரியட் முடியும்வரை நின்றார்கள். மற்ற பிள்ளைகள் அதை அடுத்த மணி அடித்ததும் மறந்துவிட்டார்கள். என் மகள் மறக்கவில்லை. அன்றிரவே ஒரு முடிவெடுத்து, அதன் பிறகு எந்த நாளும் எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. பத்து வயதுப் பிள்ளை, எதிர்பாராத ஒரு பெரியவரின் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்காக, நாள்தோறும் ஏழு கிலோ சுமந்திருக்கிறாள்.

ஒரே டீச்சர் இருந்த இடம்

ஐந்தாம் வகுப்பு வரை அவள் படித்தது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த சிறிய பள்ளியில். ஒரே ஆசிரியை ஆங்கிலமும் கணக்கும் சூழ்நிலையியலும் நடத்தினார். இந்திக்கும் விளையாட்டுக்கும் மட்டும் வேறு ஆட்கள். காலை இறைவணக்கம் முதல் வீட்டுக்கு அனுப்புவது வரை அந்த ஓர் அறையும் அந்த ஒரு முகமும்தான். என் மாமியார் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த வாரத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதாமல் போனபோது, அந்த ஆசிரியை எதுவும் கேட்காமல் மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து எழுதவைத்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவில் மூன்று நாளாகக் கடையில் வாங்கிய பிரெட் வந்ததைப் பார்த்து அவரே கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

ஆறாம் வகுப்பில் நாளுக்கு எட்டு பீரியட். ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், கணினி, ஓவியம், விளையாட்டு, நூலகம் என்று வாரத்தில் பத்துப் பேர் அந்த அறைக்குள் வந்து போகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்தது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. சமூக அறிவியலுக்குள்ளே வரலாறும் புவியியலும் குடிமையியலும் இருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று ஏற்கெனவே மூன்று மொழியில் நடமாடும் எங்கள் பிள்ளைகளுக்கு நான்காவதாகச் சமஸ்கிருதம் வந்து சேர்கிறது. பாடம் கூடிவிட்டது என்பதைப் பெற்றோர் எல்லோரும் பார்க்கிறோம். அதற்காக டியூஷன் தேடுகிறோம். ஆட்கள் கூடிவிட்டார்கள் என்பது நம் கண்ணில் படுவதில்லை. ஒருவர் இடப்பக்கம் கோடு போட்டுத்தான் எழுத வேண்டும் என்பார். இன்னொருவர் கோடு போட்டால் நேரம் வீணாகிறது என்பார். ஒருவரிடம் தண்ணீர் குடிக்கக் கேட்டால் தலையசைப்பார். இன்னொருவரிடம் கேட்கவே கூடாது. இந்தப் பத்துப் பேருடைய வழக்கங்களையும் யாரும் எழுதித் தருவதில்லை. தவறு செய்து, திட்டு வாங்கித்தான் பிள்ளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திட்டு வாங்கத் துணிவுள்ள பிள்ளை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடும். என் மகளைப் போன்ற பிள்ளை, திட்டே வாங்காமல் இருப்பதற்கு ஒரு வழியைத் தேடும். அவள் கண்டுபிடித்த வழி அந்தப் பை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளைத் தனிக் கட்டமாக வைத்து, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதை அந்தக் கட்டத்தின் அடையாளமாகவே சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. அறிவியலை அறிவியல் படித்தவர் நடத்துவதுதான் சரி. ஆனால் பிள்ளையின் நாள் முழுவதையும் பார்த்தவர் ஒருவர் இருந்த இடத்தில், நாற்பது நிமிடங்களை மட்டும் பார்ப்பவர்கள் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள். அந்த நாற்பது நிமிடங்களையும் சேர்த்து ஒரே பிள்ளையாகப் பார்க்கும் வேலை யாரிடமும் இல்லை. வகுப்பாசிரியைக்கும் அந்த அறையில் நாளுக்கு ஒரு பீரியட்தான்.

பெரிய டீச்சர் பேருந்தில் வந்தது

பாயில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த அந்த இரவில், பல ஆண்டுகளாக நினைக்காத ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. திருவாரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்து, 1991 ஜூன் மாதம் டவுனில் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து அந்த ஆண்டு ஐந்து பெண்கள் போனோம். முதல் நாள் காலை, எங்கள் தலைமையாசிரியை, பெரிய டீச்சர் என்றுதான் ஊரில் எல்லோரும் அழைப்போம், தம் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு பேருந்தில் ஏறினார். டிசியும் மதிப்பெண் தாளும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. அவர் வரவேண்டிய தேவையே இல்லை.

புதிய பள்ளியின் வேப்பமரத்தடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆறாம் வகுப்பு ஆசிரியையிடம் ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னார். இவளுக்கு அம்மா இல்லை, பாட்டி வீட்டில் இருக்கிறாள். இவள் பாடுவாள். இவளுக்குப் பலகை தெரியாது, முன்னால் உட்காரவையுங்கள். என் முறை வந்தபோது என் தலையில் கைவைத்து, "இவளுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள், நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றார். புதிய ஆசிரியை அந்த வாரமே ஒரு நாள் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, கையைத் தூக்காமல் இருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, நான் ஏன் அந்தப் பள்ளியில் பயப்படவில்லை என்பது எனக்குப் புரிந்தது. என்னை அங்கே யாரோ ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் மகளை நாங்கள் புதிய பள்ளியில் சேர்த்தோம். கட்டணம் கட்டினோம், சீருடை வாங்கினோம், புத்தகத்துக்கு அட்டை போட்டோம். அவளைப் பற்றி அங்கே யாரிடமும் ஒரு வாக்கியம் கூடச் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்துக்குக்கூட அவளைப் பற்றிச் சொல்வதற்காகப் போகவில்லை, எடையைப் பற்றிச் சொல்வதற்காகப் போனேன்.

பிற்பகல் பள்ளி

இதே ஏப்ரலில் ஆறாம் வகுப்புக்குப் போன இன்னொரு பிள்ளையும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வேலை செய்யும், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து திரிலோக்புரியில் குடியிருக்கும் பெண்ணின் மகன். டெல்லியில் மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு, டெல்லி அரசின் கல்வி இயக்குநரகம் நடத்தும் பள்ளிக்குப் போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிர்வாகங்கள். பல இடங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண் பிள்ளைகளுக்கும் பிற்பகலில் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளி நடக்கும். இவனுடைய அக்கா காலையில் போவாள். இவன் போக வேண்டியது அவள் திரும்பும் நேரத்தில். தாய் ஆறரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஐந்தாம் வகுப்பு வரை அக்காவின் கையைப் பிடித்துப் போனவன், இப்போது நண்பகல் வரை வீட்டில் தனியாக இருந்துவிட்டு, தானே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பெரிய சாலையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் அந்தத் தாய், கைபேசியில் இந்தியில் வந்திருந்த குறுஞ்செய்திகளைக் காட்டி, "இது என்னன்னு கொஞ்சம் பாருங்கக்கா, தினமும் வருது" என்றார். எல்லாம் பையன் பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி. ஒன்பது நாட்கள். சீருடை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியவன் பள்ளிக்குள் போகவில்லை. அன்று மாலை அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லி, சாப்பிடவைத்து, மெல்லக் கேட்டோம். அடிக்கிறார்களா, யாராவது மிரட்டுகிறார்களா என்றெல்லாம் நாங்கள் கேட்டதற்கு இல்லை என்றே சொன்னான். கடைசியில் தெரிந்தது இதுதான்: அவனுக்குக் காய்ச்சலாக இருந்த இரண்டு நாட்களில் செக்ஷன்களை மாற்றி அமைத்திருக்கிறார்கள். திரும்பிப் போனவன் பழைய அறையில் உட்கார, நீ இந்த செக்ஷன் இல்லை, வெளியே போ என்று அனுப்பிவிட்டார்கள். எந்த அறை என்று கேட்க அவனுக்கு நா எழவில்லை. மாடிப்படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பார்களே என்ற பயம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தின் மேல் ஒரு நாள் கூடியது.

என் மகள் ஏழு கிலோ சுமந்ததற்கும் இவன் பள்ளி வாசலிலிருந்து திரும்பியதற்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பேருக்கும் பாடத்தில் சிக்கல் இல்லை. "மேம், எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லலாம் என்று நம்பிப் போய் நிற்க, அந்தப் பெரிய கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை.

அவனுக்குச் செய்தது எளிது. மாநகராட்சிப் பள்ளியில் அவனுக்கு ஐந்தாம் வகுப்பு நடத்திய ஆசிரியையைத் தேடிப் போனோம். அவர் தம் பள்ளி முடிந்ததும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த ஆகஸ்ட் வெயிலில் எங்களோடு நடந்து வந்தார். புதிய வகுப்பாசிரியரிடம், இவன் பேச நேரமாகும், பொய் சொல்ல மாட்டான், விரலை மேசையில் தட்டித்தான் கூட்டுவான், அதற்காகத் திட்டாதீர்கள் என்று இந்தியில் சொன்னார். அந்த ஆசிரியர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் உள்ள வகுப்பை வைத்திருப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையனைத் தோளில் கைவைத்து அறைக்குள் கூட்டிப் போய் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள்

மகள் விஷயம் அவ்வளவு விரைவில் முடியவில்லை. வகுப்பாசிரியையை மீண்டும் போய்ப் பார்த்து, இந்த முறை தாள் எதுவும் இல்லாமல், அவள் ஏன் சுமக்கிறாள் என்பதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அரேஞ்ச்மென்ட் பீரியடுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், ஒரு ரஃப் நோட்டு போதும், யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல் என்று மகளிடமே நேரில் சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னார். அப்படியும் பை அன்றே குறையவில்லை. அந்த வாரம் 6 கிலோ, அடுத்த வாரம் 5 கிலோ 800 என்றுதான் இறங்கியது. ஒவ்வொரு இரவும் எதை வீட்டில் வைப்பது என்று அவளே முடிவு செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கையை வைக்கவில்லை. முதலில் அட்லஸை விட்டாள். கணக்குப் புத்தகத்தை விட அவளுக்குச் செப்டம்பர் வரை ஆனது.

இதோடு நான் ஒன்றை நிறுத்தினேன். வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. பிற்பகல் மூன்று மணியானதும் இன்றைக்கு என்ன வீட்டுப்பாடம், நாளைக்கு என்ன கொண்டுபோக வேண்டும், இந்தி நோட்டின் நான்காம் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று தொடங்கிவிடும். நானும் அதில் முனைப்பாக இருந்தவள்தான். பிள்ளைக்கு உதவுகிறோம் என்றுதான் எல்லோரும் செய்கிறோம். ஆனால் டைரியில் எழுதாமல் வந்தாலும் அம்மாவின் கைபேசியில் வந்துவிடும் என்றால், பிள்ளை ஏன் ஆசிரியையிடம் போய் "மேம், கடைசி வரி என்ன?" என்று கேட்க வேண்டும்? அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவள் பயந்தாள். அதைக் கேட்கவே தேவையில்லாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கப் பள்ளியில் இந்தக் குழுக்களால் பெரிய கேடில்லை என்பது என் எண்ணம். ஆறாம் வகுப்பில் அவை பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகின்றன. குழுவில் வருவதை அவளுக்குச் சொல்வதை விட்டேன். இரண்டு முறை வீட்டுப்பாடம் எழுதாமல் போய்த் திட்டு வாங்கினாள். மூன்றாம் முறை மணி அடித்த பிறகு ஆசிரியையின் பின்னாலேயே தாழ்வாரத்தில் ஓடிப்போய்க் கேட்டு எழுதி வந்தாள்; அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே எழுதிய கோணல் எழுத்தில் இருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்ததும் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு அவளிடம் எப்போதும் ஒரே பதில்தான், "ஒண்ணும் இல்லம்மா". அதற்குப் பதிலாக, இன்றைக்கு எந்த மேம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அதற்கு நீண்ட பதில்கள் வந்தன. அப்படி வந்தவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களை அதற்கு எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு அரைப் பக்கம். அறிவியல் மேம்: கேள்வி கேட்டால் பிடிக்கும், ஆனால் பாதியில் கேட்கக் கூடாது, முடித்த பிறகு. இந்தி மேம்: நீல மை மட்டும். சமஸ்கிருத சார்: தவறாகச் சொன்னால் சிரிப்பார், திட்டமாட்டார். கணக்கு மேம்: கோபக்காரர் இல்லை, சத்தமாகப் பேசுவார். இந்தக் கடைசி வரியை அவள் எழுதிய நாளில்தான் கணக்குப் புத்தகம் முதன்முறையாக மேசையில் தங்கியது.

நேற்றிரவு பையைத் தராசில் மாட்டினேன். 3 கிலோ 400. இன்னும் கொஞ்சம் அதிகம்தான். ஓவிய ஆசிரியை மாற்றலாகிப் போய் இந்த வாரம் புதியவர் வந்திருக்கிறார். பழையவர் பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, கீழே புதிய பெயரை எழுதி, அதன்கீழ் இப்படி எழுதியிருக்கிறாள்: "இன்னும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்."